கண்ணாடிக்காரரின் வலது கை

எங்கள் தெருவுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இரண்டு குழப்பங்கள் உண்டு. சட்டக்காரர் என்று யாரோ சொல்லக் கேட்டு, வக்கீல் என நினைத்து என் கடைக்கு வந்து நிற்பார்கள். நான் படத்துக்குச் சட்டம் போடுகிறவன். கண்ணாடிக்காரர் என்று கேட்டு வருகிறவர்கள் மூக்குக் கண்ணாடி போட்ட ஓர் ஆளைத் தேடுவார்கள். அவர் மூக்கில் கண்ணாடி ஏறியதே இல்லை. ஜன்னலுக்கும் கதவுக்கும் அலமாரிக்கும் கண்ணாடி போடுகிறவர் அவர். என் கடைக்கு நேர் எதிர்க்கடை. சட்டத்துக்கு வேண்டிய கண்ணாடியை எனக்கு அறுத்துக் கொடுத்ததும் அவர்தான். வைர முனையால் ஒரே கோடு இழுப்பார். மேஜை விளிம்பில் வைத்து ஒரு தட்டு தட்டுவார். பிரிந்த இடத்தைத் தடவிப் பார்த்தால் ரொட்டியைக் கத்தியால் வெட்டியதுபோல இருக்கும்.

அவரும் அவருடைய தம்பியும் சேர்ந்து நடத்திய கடை அது. அவரைப் பெரியவர் என்றும் தம்பியைச் சின்னவர் என்றும் கூப்பிடுவோம். கண்ணாடி வேலையில் அறுப்பது ஒரு பாதி என்றால் தூக்குவது மறு பாதி. ஆள் உயரக் கண்ணாடியை ஒருவரால் தூக்க முடியாது. இரண்டு பேர் வேண்டும், அந்த இரண்டு பேரும் ஒரே மூச்சில் நடக்க வேண்டும். பெரியவர் எப்போதும் கீழ்ப்பக்கம் பிடிப்பார், ஏனென்றால் மாடி ஏறும்போது பாரம் கீழே இருப்பவன் மேல்தான் இறங்கும். தம்பி மேல்பக்கம் பிடித்து வழி சொல்வார். அண்ணன் மீசை வைத்த காலத்திலிருந்து தம்பி அவர் கூடத்தான் வேலை செய்தார். தெருவில் யாரைக் கேட்டாலும், பெரியவருக்கு வலது கை சின்னவர்தான் என்பார்கள்.

உடைந்ததும் வலது கைதான்.

நடந்ததை அவர் என்னிடம் சொன்னது வெகு காலம் கழித்து. அதுவரை தெருவில் உலவியது தம்பி சொன்ன கதை மட்டும். இரண்டையும் முன்பின்னாகச் சொல்லிக் குழப்பாமல் நடந்ததையே முதலில் சொல்லிவிடுகிறேன். ஓர் அடுக்குமாடி வீட்டுக்குப் பால்கனிக் கதவின் கண்ணாடியை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். லிஃப்டில் நுழையாத அளவு. படிக்கட்டு திரும்புகிற இடத்தில் தம்பியின் சட்டைப்பையில் ஃபோன் அடித்தது. தம்பி ஒரு கையை எடுத்தார். அவ்வளவுதான். கண்ணாடி வழுக்கியது. பெரியவர் அதைச் சுவர்ப்பக்கம் சாய்த்துவிட்டுப் பின்னால் விழுந்தார். படியின் விளிம்பில் மேல்கை மோதியது. முழங்கைக்கும் தோளுக்கும் நடுவில், சுள்ளி ஒடிவதுபோல ஒரு சத்தம். கைவிடுவது என்று பேச்சுக்குச் சொல்வோம் அல்லவா, அன்று அது நிஜமாகவே நடந்தது.

கண்ணாடிக்கு ஒரு கீறல் இல்லை. தம்பி மறுநாளே வேறு ஓர் ஆளைக் கூட்டிப்போய் அதே கண்ணாடியை அதே கதவில் மாட்டிவிட்டு வந்தார்.

ஆஸ்பத்திரியில், எப்படி விழுந்தார் என்று டாக்டர் கேட்டபோது, பெரியவர் வாயைத் திறப்பதற்குள் தம்பி சொல்லிவிட்டார். அண்ணனுக்குக் கால் தவறிவிட்டது என்று. பக்கத்தில் அவர்களுடைய அம்மா நின்று அழுதுகொண்டிருந்தாள். அம்மா இருந்தது தம்பியோடு. பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. வலியில் இருந்த மனிதர், இப்போது போய் என்ன பேச்சு என்று நினைத்திருக்கிறார். பிறகு பேசிக்கொள்ளலாம், தம்பியே ஒரு நாள் சொல்லிவிடுவான் என்று காத்திருந்தார். காத்திருந்தவரைவிடச் சொன்னவர் முந்திக்கொண்டார். ஒரு வாரத்துக்குள் அந்தக் கதை காய்கறிக் கடை வரைக்கும் போய் உட்கார்ந்துவிட்டது. வயசாகுதில்ல, பார்த்து நடக்கணும் என்று அவரைவிட வயதானவர்கள் அவருக்குப் புத்தி சொன்னார்கள்.

முதல் ஆபரேஷனில் தகடு வைத்துத் திருகாணி முடுக்கினார்கள். மூன்று நாலு மாதத்தில் சரியாகிவிடும் என்றார் அந்த டாக்டர், புகையை மட்டும் நிறுத்தச் சொன்னார். பெரியவர் சிகரெட் பிடிப்பவர். நாள் முழுக்க ஊதித் தள்ளுகிற ரகம் இல்லை. ஒரு கண்ணாடி பத்திரமாக மாடி ஏறினால் அதற்கு ஒன்று, அவ்வளவுதான். கண்ணாடியே தூக்காத நாளில் பிடிக்க என்ன காரணம் இருக்கிறது என்று அவர் மனைவி நினைத்தாள்.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெரிய மருந்துக்கடையில் மருந்து எடுத்துக் கொடுக்கிற வேலை அவளுக்கு. அதிகம் பேசமாட்டாள். ஆனால் மாத்திரை அட்டையைப் பார்க்கிற மாதிரியே ஆட்களையும் திருப்பிப் பின்பக்கம் பார்ப்பாள்.

சாயங்காலம் கடை மூடியதும் தம்பி அண்ணன் வீட்டுக்கு வருவார். வெறுங்கையோடு வந்ததில்லை. ஒரு பாக்கெட் சிகரெட் இருக்கும். மொட்டை மாடியில் நாற்காலி போட்டு இருவரும் உட்கார்ந்து, அன்றைக்கு எந்த வீட்டில் என்ன வேலை என்று தம்பி சொல்ல, அண்ணன் கேட்டுக்கொண்டே ஊதுவார். அண்ணி ஒரு முறை தம்பியைத் தனியாகக் கூப்பிட்டு, இதை மட்டும் கொண்டு வராதீர்கள் என்று சொல்லிப் பார்த்தாள். வீட்டிலேயே அடைந்து கிடக்கிற மனிதருக்கு வேறு என்ன சந்தோஷம் அண்ணி என்று கேட்டிருக்கிறார். அவர் கேட்டதில் பாசம் இருந்ததா வேறு ஏதாவது இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டும் ஒரே பாக்கெட்டில் இருந்திருக்கலாம். தம்பி வராத நாளில் பெரியவர் தானே கீழே இறங்கி வாங்கிக்கொண்டார் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். வாயில் யாரும் திணிக்கவில்லை.

மாதங்கள் போயின. எலும்பு ஒட்டவில்லை.

அதை அவர் தெரிந்துகொண்டது எக்ஸ்ரேயில் இல்லை, பல் தேய்க்கும்போது. பிரஷ்ஷை வாய்க்குக் கொண்டுபோனால் கை ஒரு கணம் பிந்தி வந்தது. மேலே உள்ள கை ஒரு திசையில் போக, கீழே உள்ளது யோசித்துவிட்டுப் பின்னால் வந்தது. ஒரு நாள் என் கடையில் உட்கார்ந்து சட்டையைச் சுருட்டி எனக்குக் காட்டினார். இடது கையால் வலது முழங்கையைப் பிடித்து லேசாக அசைத்தார். மூட்டே இல்லாத இடத்தில் கை மடங்கியது. உள்ளே ஏதோ களுக்கென்றது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"கடவுள் ரெண்டு மூட்டு குடுத்தாரு, டாக்டர் மூணாவது ஒண்ணு குடுத்துட்டாரு" என்றார். அவர் சிரித்ததால் நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு அந்த இடத்தை யாருக்கும் அவர் காட்டவில்லை.

முதல் டாக்டர் இன்னும் கொஞ்சம் பார்க்கலாம், இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்றே இழுத்தார். தம்பிக்கும் அந்த யோசனை பிடித்திருந்தது. அவசரப்பட்டு இன்னொரு முறை கத்தி வைக்க வேண்டாம், கடையை நான் பார்த்துக்கொள்கிறேன், அண்ணன் ஓய்வாக இருக்கட்டும் என்றார். அம்மாவும் அதையே சொன்னாள். தம்பி உடையான் படைக்கு அஞ்சான் என்று பழமொழியும் சொன்னாள். பெரியவரின் மனைவிதான் எக்ஸ்ரே உறைகளைத் தூக்கிக்கொண்டு, தன் மருந்துக்கடைக்கு வருகிற ஒரு நர்ஸிடம் விசாரித்து, வேறு ஆஸ்பத்திரியில் எலும்பு முறிவுக்கென்றே இருந்த ஒரு டாக்டர் அம்மாவிடம் அழைத்துப் போனாள். கூட நானும் போனேன். தம்பியும் வந்தார்.

அந்த டாக்டர் அம்மா படங்களை விளக்குப் பெட்டியில் வரிசையாக மாட்டி ஒவ்வொன்றாகப் பார்த்தார். தகடு குட்டை, திருகாணி இரண்டு தளர்ந்துவிட்டன, முறிவின் இரு முனையும் உயிரில்லாமல் மழுங்கிப்போயிருக்கின்றன என்றார். இனிமேல் தானாக ஒட்டாது. சீழ் கீழ் பிடித்திருக்கிறதா என்று ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். பிடிக்கவில்லை என்றால் பழைய தகட்டைக் கழற்றி, செத்த முனைகளைச் செதுக்கி, நீளத் தகடு போட்டு, இடைவெளியில் எலும்பு வைத்து ஒட்டுப்போட வேண்டும்.

எந்த எலும்பை வைப்பீர்கள் என்று மனைவி கேட்டாள்.

டாக்டர் அம்மா எக்ஸ்ரே உறையின் பின்பக்கத்தில் பேனாவால் ஒரு கையை வரைந்தார்.

"எலும்பு வளர்றது வீடு கட்டற மாதிரிம்மா. சாரம் வேணும், கொத்தனார் வேணும், வேலை ஏவற மேஸ்திரியும் வேணும். செயற்கையா செஞ்ச எலும்புத் தூள் இருக்கு. அது சாரம் மட்டும்தான். எலும்பு வங்கியில மத்தவங்க குடுத்த எலும்பைச் சுத்தம் பண்ணி உறைய வெச்சிருப்பாங்க. அதுவும் நல்ல சாரம், ஆனா அதுல உயிர் கிடையாது. அவரோட இடுப்பு எலும்புல மூணும் இருக்கு."

இடைவெளி பெரிதாக இருந்தால், முழங்காலுக்குக் கீழே பெரிய எலும்புக்குப் பக்கத்தில் குச்சிபோல ஒன்று இருக்கிறதே, அதில் ஒரு துண்டை எடுத்து உள்ளே முட்டுக்கொடுப்போம், இவருக்கு அந்த அளவு தேவையில்லை என்றும் சொன்னார். கை ஒரு விரல் அகலம் குட்டையாகலாம், சட்டை தைக்கிறவன் மட்டும்தான் கண்டுபிடிப்பான். எலும்பை ஒட்டியே ஒரு நரம்பு போகிறது, அது கோபித்துக்கொண்டால் மணிக்கட்டு தொங்கும், பெரும்பாலும் மீண்டு வரும். எதையும் மறைக்காமல் சொன்னார்.

மனைவிக்கு ஒன்றே ஒன்றுதான் மனதை அறுத்தது. ஏற்கெனவே ஓர் இடம் போனது போதாதென்று நல்லாயிருக்கிற இடுப்பையும் அறுக்க வேண்டுமா, வங்கியில் இருக்கிற எலும்பையே வைத்துவிட முடியாதா என்று கேட்டாள். முடியும்தான் என்றார் டாக்டர் அம்மா. சிலருக்கு அதுவே போதும், சிலருக்கு இரண்டையும் கலந்து வைப்பார்கள். ஆனால் இது ஒரு முறை தோற்ற கை, இரண்டாவது முறை கையில் இருப்பதிலேயே நல்லதை வைக்க வேண்டும். இடுப்பு கொஞ்ச காலம் வலிக்கும், சிலருக்கு வெகு காலம் வலிக்கும் என்றார்.

அப்போதுதான் தம்பி நாற்காலியிலிருந்து எழுந்தார். கண் கலங்கியிருந்தது. நடிப்பு என்று நான் சொல்லமாட்டேன்.

"அண்ணன் இடுப்பைத் தொடாதீங்க டாக்டர். என் எலும்பை எடுத்துக்கோங்க. எங்கண்ணனுக்காக நான் உயிரையே தருவேன்."

டாக்டர் அம்மா பேனாவை மூடினார்.

"உயிரும் வேணாம், எலும்பும் வேணாம்ப்பா. இவருக்கு சிகரெட் யாரு வாங்கித் தர்றீங்க?"

அண்ணி சுவரில் மாட்டியிருந்த எலும்புக்கூட்டுப் படத்தைப் பார்த்தாள். பெரியவர் மடியில் கிடந்த வலது கையைப் பார்த்தார்.

"எலும்புக்கு ரத்தம் போற வழியைப் புகை அடைச்சிடும். அவர் விட்டாத்தான் நான் கத்தியை எடுப்பேன். டெஸ்ட் எடுத்துப் பாத்துட்டுத்தான் எடுப்பேன், வாய்வார்த்தையை நம்பமாட்டேன். நீங்க எலும்பு எதுவும் தர வேணாம். அதை வாங்கித் தராம இருந்தா போதும்."

அன்று சாயங்காலத்துக்குள் தெருவில் பாதிச் செய்தி பரவிவிட்டது. தம்பி தன் எலும்பையே அண்ணனுக்குத் தருகிறேன் என்று டாக்டரிடம் சொன்னாராம். டாக்டர் சொன்ன பதில் மருத்துவமனை வாசலைத் தாண்டவில்லை. பலசரக்குக் கடைக்காரர் என்னிடம், இந்தக் காலத்தில் யார் சார் எலும்பைத் தருவார்கள் என்று நெகிழ்ந்து கேட்டார். அம்மா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள். கொடுக்காத எலும்புக்குக் கிடைத்த பேர், கொடுத்திருந்தால்கூடக் கிடைத்திருக்காது. அடுத்து இன்னொரு பேச்சும் கிளம்பியது. பெரியவர் சிகரெட்டை விடாததால்தான் எலும்பு ஒட்டவில்லையாம். அதைத் தொடங்கியது யார் என்று தேடினால் அதுவும் எதிர்க்கடையிலேதான் போய் முடிந்தது.

பெரியவர் சிகரெட்டை விட்டார். அந்த நாட்களில் என் கடையில்தான் இருந்தார். மரத்தூளும் வார்னிஷும் இருக்கிற இடம், நெருப்பு வைக்கவே முடியாது. இடது கையால் ஆணிகளைப் பொறுக்கிப் பெட்டியில் போடுவார். எரிச்சல் வந்தால் பொறுக்கிய ஆணிகளை மறுபடி கொட்டி மறுபடி பொறுக்குவார். இரவில் தூக்கம் வருவதில்லை என்றார். மனைவி மேல் எரிந்து விழுவதாக மனைவியே சொன்னாள். விடமாட்டார் என்றுதான் நான் நினைத்தேன்.

ஒரு மத்தியானம் தம்பி என் கடைக்குள் வந்து, அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, பேசிக்கொண்டே ஒரு பாக்கெட்டை மேஜைமேல் வைத்தார். பழக்கத்தில் வைத்தாரா என்னவோ. பெரியவர் அதை ஒரு விரலால் தம்பி பக்கம் தள்ளினார்.

"எடுத்துட்டுப் போடா."

"பிடிக்கச் சொல்லலண்ணே. சும்மா பக்கத்துல இருக்கட்டுமேன்னு."

"எடுத்துட்டுப் போ."

தம்பி எடுத்துக்கொண்டு போனார். அண்ணனுக்கு இப்போதெல்லாம் முன்கோபம் அதிகமாகிவிட்டது என்று வெளியே சொன்னார்.

ஆபரேஷன் அன்று தம்பி வரவில்லை. ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஜன்னல்கள் மாட்டுகிற வேலை, தள்ளிப்போட முடியாதாம். அம்மாவுக்கு முழங்கால் வலி. ஆஸ்பத்திரியில் மனைவியும் நானும் மட்டும். உள்ளே அனுப்புவதற்கு முன் ஒரு நர்ஸ் வந்து வலது கையில் பேனாவால் அம்புக்குறி போட்டாள். இடுப்பிலும் ஒன்று போட்டாள். பெரியவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்து, கொடுக்கிறவன் வீடும் வாங்குகிறவன் வீடும் ஒன்றுதான், பாதை தவற வழியில்லை என்றார். மனைவி சிரிக்கவில்லை. அவர் தலை மறைந்ததும் நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்து கைப்பையை மடியில் இறுகப் பிடித்துக்கொண்டாள். டீ வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். சற்றுக் கழித்து, கேட்காமலே சொன்னாள்.

"கால் தவறி விழுந்தா முதுகு அடிபடும், பின்மண்டை அடிபடும், கண்ணாடியும் உடையும். இவரு கண்ணாடியைச் சாச்சு வெச்சுட்டு விழுந்திருக்காரு. எனக்குத் தெரியும். அவர் வாயால சொல்லட்டும்னு இருக்கேன்."

அவர் அவளிடம் ஒருபோதும் சொல்லவில்லை. தெரியும் என்று அவளும் சொல்லவில்லை. ஒரே வீட்டில் அந்த ஒரு விஷயத்தைச் சுற்றி நடந்துகொண்டார்கள், நடு அறையில் கிடக்கிற பீரோவைச் சுற்றி நடப்பதுபோல.

கை அத்தனை வலிக்கவில்லை. இடுப்புதான் உயிரை எடுத்தது. தும்மினால், இருமினால், கட்டிலில் புரண்டால் கத்தி குத்தியதுபோல இருந்தது. சொன்னபடியே நரம்பும் கோபித்துக்கொண்டது. மணிக்கட்டு நிமிராமல் கை கீழே தொங்கியது. அதற்கு ஒரு பட்டை கட்டிவிட்டார்கள். பட்டையைக் கழற்றினால் துவண்ட துணியாகத் தொங்கும் கையை அவர் மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பார். தம்பி பழத்தோடு வந்து பார்த்தார், மனது கேட்காமல்தான் வந்திருப்பார். பார்த்துவிட்டு, இதற்குப் பழைய கையே தேவலையே, நான் அப்போதே சொன்னேனே என்றார். அண்ணி பழத்தை வாங்கி உள்ளே கொண்டு வைத்தாள்.

ஆனால் கட்டைவிரல் ஒரு நாள் அசைந்தது. பிறகு மணிக்கட்டு கொஞ்சம் நிமிர்ந்தது. எக்ஸ்ரேயில் கறுத்துக் கிடந்த இடைவெளியில் முதலில் வெள்ளையாகப் புகை படர்ந்தது, அடுத்தடுத்த படங்களில் அது இறுகியது. வருடம் திரும்பும்போது டாக்டர் அம்மா அவர் கையைப் பிடித்து முறுக்கிப் பார்த்து, அவரை ஒரு நாற்காலியைத் தூக்கச் சொன்னார். தூக்கினார். அந்த அம்மா சிரித்ததை நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

அவர் கடைக்குத் திரும்பினார்.

கடை அவர் விட்டுப்போன கடையாக இல்லை. பலகையில் முன்பு அண்ணன் தம்பி என்று எழுதியிருந்தது. இப்போது புதுப் பலகை, பளபளவென்று, அதில் அண்ணனும் இல்லை தம்பியும் இல்லை, நவீன கண்ணாடிகள் என்று இருந்தது. ஒரு சின்ன வேன் நின்றது. கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பிடி கொடுக்கிற ரப்பர்க் கிண்ணிகள் வாங்கியிருந்தார்கள். தூக்குவதற்குத் தடியான ஓர் ஆளும் இருந்தான், அவன் பெரியவரைப் பார்த்து, உங்களுக்கு என்ன வேணும் சார் என்று கேட்டான். தம்பி ஓடி வந்து நாற்காலி போட்டு, முதலாளி மாதிரி உட்கார்ந்து ஃபோனை மட்டும் எடுங்கள் அண்ணே என்றார். பெரியவர் கண்ணாடி அறுத்த மேஜையில் இப்போது அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன.

சில மாதம் அப்படியே உட்கார்ந்தார். ஃபோன் பேசினவர்கள் சின்னவர் இல்லையா என்று கேட்டார்கள்.

ஒரு நாள் தடியன் வேலைக்கு வரவில்லை. ஒரு நடனப் பள்ளிக்கு முதல் மாடியில் சுவர்க் கண்ணாடி மாட்ட வேண்டும். தம்பி தயங்கித் தயங்கி, அண்ணே உங்களால் முடியுமா என்று கேட்டார். முடியும் என்றார் பெரியவர். முடிந்தது. கீழ்ப்பக்கம் அவர்தான் பிடித்தார். கை வலிக்கவில்லை, நடுங்கவில்லை, தகடும் இடுப்பெலும்பும் சேர்ந்து பாரத்தைத் தாங்கின. படி திரும்புகிற இடத்தில் அவர் நின்றுவிட்டார்.

"இறக்கு" என்றார்.

கண்ணாடியை மரக்கட்டைமேல் பதமாக இறக்கிச் சுவரில் சாய்த்தார்கள். கை வலிக்கிறதா என்று தம்பி கேட்டார்.

"அன்னைக்கு ஃபோன் பண்ணினது யாருடா?"

"எந்த ஃபோன்?"

"நான் விழுந்த அன்னைக்கு. உன் பையில அடிச்சுதே."

தம்பி அவர் முகத்தைப் பார்த்தார். உண்மையாகவே யோசித்தார். யோசித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, சின்னக் குழந்தையிடம் பேசுவதுபோல, "அண்ணே, நீங்க கால் தவறித்தானே விழுந்தீங்க" என்றார்.

இதை எனக்குச் சொல்லிவிட்டுப் பெரியவர் மேலே தொடர்ந்தார். "அவன் பொய் சொல்லல. எனக்கு அவன் கண்ணு தெரியும், இத்தனை வருஷம் அதைப் பாத்துத்தான் படி ஏறியிருக்கேன். அவனுக்கு நிஜமாவே அப்படித்தான் ஞாபகம். பொய்யா இருந்தா ஒரு நாள் வந்து சொல்லுவான்னு இருந்திருப்பேன். இனி யாரு வந்து சொல்லுவா?"

அன்று அவர் சண்டை போடவில்லை. கண்ணாடியை மறுபடி தூக்கி, மேலே கொண்டுபோய், சுவரில் மட்டம் பார்த்து, மூலைகளைத் துடைத்து, வேலையை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் இறங்கினார். மறுநாள் கடைக்குப் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. தம்பி வீட்டுக்கு வந்து, நான் என்ன குறை வைத்தேன் என்று கேட்டபோது, ஒரு குறையுமில்லை என்றார். அம்மா வந்து அழுதாள். உனக்காக எலும்பைத் தருகிறேன் என்றவனை உதறுகிறாயே, உனக்கு மனசாட்சி இல்லையா என்று கேட்டாள். அம்மாவுக்குக் காபி போடச் சொல்லி மனைவியிடம் சொன்னார். அம்மா காபியைக் குடிக்காமல் போனாள். அவள் சாகிறவரை அந்த வீட்டுக்கு மறுபடி வரவில்லை. சாவு வீட்டில் பாடையின் முன்பக்கம் அண்ணனும் தம்பியும் ஆளுக்கு ஒரு பக்கமாகத் தோள் கொடுத்தார்கள். அவ்வளவு தூரம் நடந்தும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. தெருவில் எல்லோரும் சின்னவருக்குத்தான் ஆறுதல் சொன்னார்கள்.

இப்போது பெரியவர் என் கடையில் வேலை செய்கிறார். ஓர் ஆளால் தூக்கக்கூடிய கண்ணாடி மட்டும்தான் இங்கே. முன்போலவே ஒரே கோடு இழுக்கிறார், ஒரே தட்டு. எதிர்க்கடைப் பலகை கண்ணில் படாதபடி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருக்கிறார். என் கடையை விட்டுப் போனால் அவருக்குப் போக இடமில்லை என்பது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அதனால் சில நாள் என் மேலும் காரணமில்லாமல் எரிந்து விழுவார். நான் பொறுத்துக்கொள்வேன், சில நாள் பொறுத்துக்கொள்ளவும் மாட்டேன்.

மழை பிடித்தால் நடையில் ஒரு சாய்வு தெரியும். கை சரியாகிவிட்டது, எலும்பு எடுத்த இடம் மட்டும் இன்னும் வலியை விடவில்லை. போன வாரம் மகளின் பட்டச் சான்றிதழைச் சட்டம் போடக் கொண்டுவந்த ஓர் அம்மா அவர் நடப்பதைப் பார்த்துவிட்டுக் காலில் அடியா என்று விசாரித்தாள்.

"கால்ல இல்லம்மா. இடுப்புல எலும்பு எடுத்தாங்க."

"அடடா. யாருக்குக் குடுத்தீங்க?"

"எனக்குத்தான்."

அவர் வேடிக்கையாகச் சொல்கிறார் என்று நினைத்து அந்த அம்மா சிரித்தாள். அவர் அவளுடைய காகிதத்தை மேஜைமேல் விரித்து, சுருக்கத்தை வலது கையால் நீவி, கறுப்புச் சட்டம் போடவா பழுப்பு போடவா என்று கேட்டார்.